இடுப்புக்கும் கணவாய்க்கும் ஒரே சொல்

எங்கள் மொழியில் இடுப்புக்கும் மலைக்கணவாய்க்கும் ஒரே சொல்தான். பெல். மலை எங்கே இடுப்புபோல் ஒடுங்கித் தாழ்கிறதோ அங்கேதானே பாதை போகிறது என்று எவனோ ஒருவன் யோசித்து வைத்திருக்கிறான். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பேன். அந்த அழகினால்தான் ஒரு பகல் முழுக்க நான் என் லாரிக்குள் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

என் பெயர் கெரிம்குல். நாரின் என்கிற மலை ஊருக்குப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றி, கார்கா-பெல் கணவாயைத் தாண்டிக் கீழே ஊர்களுக்குக் கொண்டு போகிறவன். இருபத்தாறு வருடமாக இதே வேலை. கார்கா-பெல் என்று முழுப் பெயரையும் சொல்ல இங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. பெல் என்றால் போதும். பெல்லில் பனியா, பெல் திறந்திருக்கா, பெல்லைத் தாண்டியாச்சா, இதுதான் எங்கள் பேச்சு. அந்தப் பெல்லில் ஏறி இறங்கியே என் பெல் தேய்ந்துகொண்டிருந்தது. அது எனக்குப் போன வசந்தத்தில்தான் தெரிந்தது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் சினாரா என்று ஓர் அம்மாள். உயரம் என் தோளுக்கு வரமாட்டார், கோபம் மட்டும் மூக்கு நுனியில். என் முதுகுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, கீழே கடைசி எலும்புகளைப் பேனாவால் தட்டினார்.

"இந்த ரெண்டு எலும்புக்கு நடுவுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே டாக்டர்."

"அதான் வியாதி. அங்க ஏதாவது தெரியணும்."

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே டிஸ்க் என்று ஒரு மெத்தை இருக்கிறதாம். பகல் முழுக்கப் பாரத்தில் பிழிந்து தண்ணீரை விடும், ராத்திரி படுத்தால் உறிஞ்சித் திரும்ப உப்பும். என்னுடைய கடைசி இரண்டு டிஸ்க்குகளும் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டன. ஈரமான தயிர்க்கட்டி வெயிலில் காய்ந்து கல்லாகிற மாதிரி காய்ந்து, சப்பையாகி, ஓரத்தில் வெடித்தும் இருந்தன.

"மெத்தை தாழ்ந்துட்டா பாரம் எங்க போகும்?" என்று என்னையே கேட்டார். "பின்னாடி ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன மூட்டு இருக்கு. எந்தப் பக்கம் வளையணும்னு வழி காட்டறதுக்குத்தான் அது. பாரம் தாங்கறதுக்கு இல்ல. இப்ப உங்க பாரம் அதுமேல உக்காந்திருக்கு."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ஸ்பிரிங் பட்டையில ரப்பர் புஷ் போன கதை டாக்டர். புஷ் போனா உள்ள இருக்கிற ஆணி ஆடும். ஆணி ஆடினா அதைப் பிடிச்சிருக்கிற இரும்பு விரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

"அதேதான்," என்றார் முதல் முறையாகச் சந்தோஷமாக. "நீங்க குனியறப்போ இந்த எலும்பு முன்னாடி வழுக்குது, நிமிர்றப்போ பின்னாடி வருது. நாலு மில்லிமீட்டர் ஆட்டம். அந்த ஆட்டத்தை நிறுத்த உங்க உடம்பு என்னென்னவோ பண்ணுது. ஓரத்துல புது எலும்பு வளர்த்து வச்சிருக்கு. சதையை இறுக்கிப் பிடிக்குது. டிஸ்க் தாழ்ந்ததுல பின்னாடி இருக்கிற நார் தொய்ஞ்சு உள்ளுக்குள்ள மடிஞ்சு கிடக்கு. மொத்தத்துல காலுக்கு நரம்பு போற வழி பாதியாயிடுச்சு."

"இதுக்கு என்ன செய்யணும்?"

"பாரம் தூக்கக் கூடாது. குனிஞ்சபடி முறுக்கவே கூடாது. குலுங்கற சீட்டுல மணிக்கணக்கா உக்காரக் கூடாது."

"நான் லாரி டிரைவருங்க."

"படத்தைப் பார்த்தாலே தெரியுது."

எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. குதிரைமேல உக்காந்தா சேணம் படுற இடம் இருக்குல்ல? உள்தொடை, முன்னாடி, பின்னாடி எல்லாம். அந்த இடம் மரத்துப்போச்சுன்னா, ஒண்ணுக்கு வர்றதே தெரியலைன்னா, உடைஞ்சு வெளிய வந்த டிஸ்க் மொத்த நரம்புக் கத்தையையும் நசுக்குதுன்னு அர்த்தம். அன்னைக்கே வந்துடணும். மறுநாள் வந்தா ஆயுசுக்கும் டியூபும் பையும்தான்."

"குதிரை ஏறி முப்பது வருஷம் ஆச்சு டாக்டர்."

"சிரிக்காதீங்க," என்றார். அவர் சிரிக்கவில்லை.

படத்தைச் சுருட்டி லாரிப் படுக்கைக்கு அடியில் செருகினேன். என் மனைவி சைகலிடம்கூடக் காட்டவில்லை. வருடா வருடம் டிரைவர்களுக்கு உடல் பரிசோதனை உண்டு, விஷயம் வெளியே போனால் ஓட்ட விடமாட்டார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. என் சம்பந்தியம்மா.

என் மகள் மீரிமின் மாமியார் புபுசைரா. கணவாயின் அடிவாரத்தில் உள்ள சாலைப் போஸ்டில் கேட்டும் ரேடியோவும் அவள் பொறுப்பு. பனி கொட்டினால் பெல்லை மூடுவாள், நின்றால் திறப்பாள். அவள் குரல் கேட்டால் முப்பது டன் லாரியும் பிரேக் போடும். எங்களில் சம்பந்திக்கு மேல் மரியாதை யாருக்கும் கிடையாது. கேலி எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் சம்பந்தி முன்னால் இடுப்புக்குக் கீழே உள்ள எதையும் வாயால் சொல்லக் கூடாது. அதிலும் கல்யாணத்தன்று நான் உயிருள்ள கடா ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசல்வரை நடந்தவன். "இதுதாண்டி சம்பந்தி! இடுப்பா இது, இரும்பு!" என்று ஊரே கேட்கக் கத்தினாள். போதாதற்கு ஒரு சவுக்கையும் பரிசாகக் கொடுத்தாள். அந்தச் சவுக்கு என் லாரிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இரும்பு இடுப்பு! அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் இத்தனை கூத்தும்.

நவம்பர் மாதம். காலை ஒன்பதரை மணி. கணவாய் உச்சியில் சமதளமாக ஓர் இடம் உண்டு. அங்கே நிறுத்தி, இறக்கத்துக்காகச் சக்கரத்தில் சங்கிலி மாட்ட இறங்கினேன். மாட்டியும் விட்டேன். மிச்சமிருந்த உபரிச் சங்கிலியைத் தூக்கி, குனிந்தபடியே இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டுப் பெட்டிக்குள் எறிந்தேன். குனிந்து, தூக்கி, முறுக்கி. டாக்டர் வேண்டாம் என்றதெல்லாம் ஒரே வீச்சில் நடந்தது. உள்ளே ஏதோ நழுவியது. வலி உடனே வரவில்லை. இரண்டு மூச்சு கழித்து வந்தது, வந்ததும் இடது கால் என்னுடையது இல்லாமல் போனது.

எப்படி ஏறி உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். கையால் இழுத்து, வயிற்றால் தேய்ந்து, ஆடு மாதிரி கத்திக்கொண்டு ஏறினேன். உட்கார்ந்ததும் இடுப்புச் சதை முழுக்க இறுகிப் பூட்டிக்கொண்டது. ஸ்டியரிங்கில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கையில் கொடுத்தால்தான் மூச்சு விட முடிந்தது. நிமிர்ந்தால் மின்னல் வெட்டியது. சாய்ந்தால் மின்னல், திரும்பினால் மின்னல். கிளட்சை மிதிக்க இடது காலுக்கு உத்தரவு போட்டேன். பாதம் செத்த மீன் மாதிரி கிடந்தது.

போனுக்கு உச்சியில் சிக்னல் கிடையாது. ரேடியோதான் கதி. மைக்கை எடுத்தேன்.

"போஸ்ட், போஸ்ட். சம்பந்தியம்மா, நான் கெரிம்குல்."

"சொல்லுங்க சம்பந்தி. டீ கொதிச்சுக் கொதிச்சு வத்திப்போச்சு. எங்க இருக்கீங்க?"

"உச்சியில. பெல் போச்சு."

"என்னது?"

ரேடியோ திறந்த சேனல். சுரங்கத்திலிருந்து ஊர்வரை அத்தனை டிரைவரும் கேட்டுக்கொண்டிருப்பான். நான் மானமாகப் பேசப் பார்த்தேன்.

"பெல் போச்சுங்கறேன். கடைசி ரெண்டும் போச்சு. ஏற்கெனவே தேஞ்சு வெடிச்சுக் கிடந்ததுதான். இப்ப ஒரேயடியா சரிஞ்சு வழியை அடைச்சுடுச்சு."

"ஐயோ! கடைசி ரெண்டுமா?"

"ஆமா. சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

"நீங்க வண்டிக்குள்ளயா, வெளியவா?"

"உள்ளதான். அசைய முடியல."

"அசையவே அசையாதீங்க! இருந்த இடத்துலயே இருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அந்த நேரம் பார்த்து இடுப்பு இன்னொரு தடவை வெட்டி இழுத்தது. கை உதறியது. மைக் கையிலிருந்து நழுவி, சுருள் ஒயரோடு டாஷ்போர்டுக்குக் கீழே போய், எனக்கு எட்டாத இடத்தில் கியர்ப் பெட்டிக்கு அந்தப் பக்கம் தொங்கியது. போகட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்தேன். என்ன பெண்பிள்ளை! கூச்சப்படும்படி ஒரு கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாளே என்று மனசு குளிர்ந்தது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரேடியோவில் அவள் குரல் வெடித்தது.

"எல்லா வண்டியும் கவனிங்க! பெல் போச்சு! கெரிம்குல் சம்பந்தி நேர்ல பாத்துச் சொல்லியிருக்காரு!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அடிப்பாவி! என் இடுப்பைப் பற்றி ஊருக்கே ஒலிபெருக்கி வைக்கிறாளே! அதுவும் நேரில் பார்த்தாராம். என் இடுப்பை நானே எப்படி நேரில் பார்ப்பேன்?

"எவ்வளவு சரிஞ்சிருக்கு அக்கா?" என்று ஒரு டிரைவர் கேட்டான்.

"கடைசி ரெண்டு வளைவும் காலி. மண்ணு வழியை அடைச்சிருக்காம். ஏற்கெனவே ரோடு அரிச்சு வெடிச்சுத்தான் கிடந்துச்சாம்."

"சம்பந்தி?"

"உச்சியில வண்டிக்குள்ள பத்திரமா இருக்காரு. ரெண்டு பக்கமும் கேட்டைப் போட்டாச்சு. மண் அள்ளுற மெஷினு மாவட்டத்துலேர்ந்து நாளைக் காலையிலதான் வரும். அதுவரைக்கும் ஒரு பய மேல ஏறக் கூடாது."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததில் இடுப்பு வெட்டியது, அலறினேன். நான் உதவி கேட்டு வாயைத் திறந்தேன், அந்த வாயாலேயே இருந்த ஒரே பாதையை மூடிவிட்டேன். சுரங்கப் பக்கமிருந்தும் யாரும் வரமாட்டார்கள், ஊர்ப் பக்கமிருந்தும் யாரும் வரமாட்டார்கள். அத்தனை பேரும் பேசுவது எனக்குக் கேட்கிறது. என் மைக் என் கண் முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க ஒரு முழம் குனிய வேண்டும். என்னால் ஒரு விரற்கடை குனிய முடியாது.

ஹார்ன் அடித்தேன். யாருக்குக் கேட்கும்? காக்கைகள் இரண்டு எழுந்து வட்டமிட்டுத் திரும்ப உட்கார்ந்தன.

நாளைக் காலைதானே, ஹீட்டர் ஓடுகிறது, டீசல் இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்போம் என்று முதலில் நினைத்தேன். ரேடியோவில் என் புகழ் ஓடிக்கொண்டிருந்தது. கெரிம்குல் அண்ணன் மட்டும் பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால் யாராவது விழுந்திருப்பான் என்றார்கள். கெட்டிக்காரன், கண் கழுகுக் கண் என்றார்கள். பதினோரு மணி ஆகியிருக்கும். அப்போதுதான் ஒன்று உறைத்தது. விடிகாலையில் சுரங்கத்தில் நான்கு கிண்ணம் உப்புத் தேநீர் குடித்திருந்தேன். வழியில் இரண்டு. ஆறு மணிக்கு மேல் நான் ஒதுங்கவே இல்லை. ஒதுங்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஒரு கையை மெல்ல எடுத்து அடிவயிற்றில் வைத்துப் பார்த்தேன். மத்தளம் மாதிரி விறைத்திருந்தது. கால்சட்டைக்கு மேலாக உள்தொடையைக் கிள்ளினேன். கிள்ளியது தெரியவில்லை. நகம் பதியக் கிள்ளினேன். வேறு யாருடைய தொடையையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. நடுவே, பின்னால், எங்கே தொட்டாலும் மரக்கட்டை.

சேணம் படுகிற இடம்.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பனிச்சரிவில் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படி இல்லை. அன்னைக்கே வந்துடணும் என்றார் டாக்டர். இங்கே நாளைக் காலை என்கிறார்கள். ஐம்பத்தோரு வயதில் பக்கத்தில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கீழே நனைந்ததுகூடத் தெரியாமல், விருந்தில் யார் பக்கத்தில் போய் உட்காருவேன்? சைகல் என்ன செய்வாள்? அழுகை வந்தது. அழுதால் உடம்பு குலுங்கியது, குலுங்கினால் வலித்தது. நிம்மதியாக அழக்கூட வழியில்லை.

மைக்கைப் பார்த்தேன். பிறகு கண்ணாடியில் தொங்கிய சவுக்கைப் பார்த்தேன்.

தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் மேலே விட்டுச் சவுக்கை எடுத்தேன். அதன் பிடியில் மணிக்கட்டில் மாட்டுவதற்கு ஒரு தோல் வளையம் உண்டு. சவுக்கைத் தலைகீழாகப் பிடித்து, அந்த வளையத்தைச் சுருள் ஒயரில் மாட்டப் பார்த்தேன். ஒயர் நழுவியது. மறுபடி விட்டேன், மைக் சுற்றிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் முழங்கை ஸ்டியரிங்கை விட்டு எழும், பாரம் இடுப்பில் இறங்கும், உள்ளே அந்த எலும்பு வழுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது, வளையத்தில் ஒயர் சிக்கியது. இழுத்தேன். மைக் கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

"போஸ்ட்! சம்பந்தியம்மா!"

"அட, சம்பந்தி! எங்க போனீங்க? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போச்சு!"

"பெல் போகல. கேட்டைத் திறங்க. பெல் நல்லாருக்கு. என் பெல்தான் போச்சு."



"உங்க பெல்லா?"

"என் பெல். இடுப்பு! இடுப்பு!"

சேனல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஒருவன் இருமினான், ஒருவன் மைக்கை அமுக்கிக்கொண்டே "ஐயோ, ஐயோ" என்று மூச்சு வாங்கினான். புபுசைரா சிரிக்கவில்லை.

"சம்பந்தி, என்ன விளையாட்டு இது? நான் மாவட்டம் வரைக்கும் சொல்லி, அவங்க மேல சொல்லி, இப்ப அதிகாரி வந்து ரோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் கேட்டு திறக்கும். சாயங்காலம் ஆயிடும்."

"எனக்கு முடியல சம்பந்தியம்மா."

"இடுப்புப் பிடிப்பு யாருக்குத்தான் இல்ல? இந்த ஒமுருக்குக்கூட இருக்கு. பனி தள்ளிட்டு வந்து கத்திக்கிட்டேதான் சாப்பிடறான். இரும்பு இடுப்புக்காரர் நீங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ஒமுர் பனி தள்ளும் வண்டிக்காரன். "எனக்கும் பெல் போச்சு அக்கா, லீவு குடுங்க" என்று அவன் பின்னாலிருந்து குரல் கொடுத்ததும் கேட்டது. மறுபடி சிரிப்பு.

மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடுப்பு என்றால் நடக்காது. சாயங்காலம் வரைக்கும் பொறுக்கச் சொல்கிறாள். நடக்கிற மாதிரி ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. அதைச் சம்பந்தியம்மாவிடம் சொல்ல வேண்டும், அத்தனை டிரைவரும் கேட்கச் சொல்ல வேண்டும். கடாவைத் தூக்கி நடந்தவனை அன்றோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். தொலையட்டும் என்று பட்டனை அமுக்கினேன்.

"சம்பந்தியம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. எனக்குக் கீழ மரத்துப்போச்சு. சேணம் படுற இடம் முழுக்க. கிள்ளினாத் தெரியல. காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போகல. வயிறு உப்பிக் கிடக்கு, வரமாட்டேங்குது. இன்னைக்கே ஆப்பரேஷன் பண்ணலைன்னா இனிமே ஆயுசுக்கும் வராதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

சிரிப்பு நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கேட்டுச்சு சம்பந்தி," என்றது அவள் குரல். கேட் திறக்கும்போதும் மூடும்போதும் பேசுகிற அதே கணீர்க் குரல். "கடைசியா ஒண்ணுக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஆறு மணிக்கு."

"பின்னாடி? ரெண்டுக்கு வர்றது தெரியுதா?"

"தெரியல."

"எந்தக் கால் விழுந்துச்சு?"

"இடது."

"டாக்டர் யாரு?"

"மாவட்டத்துல சினாராம்மா."

"அவங்களுக்கு நான் சொல்லிடறேன். ஒமுர், வண்டியை எடு."

"அக்கா, அதிகாரி வராம கேட்டைத் திறந்தா..." என்று ஒமுர் இழுத்தான்.

"மூடினவ நான். திறக்கறவளும் நான்தான். எடுக்கறியா, இல்ல நானே ஓட்டட்டுமா?"

வண்டி உறுமுவது ரேடியோவிலேயே கேட்டது. பிறகு வேறு ஒரு குரல், சுரங்கப் பக்கம் கேட்டில் நிற்கிறவன் போலிருக்கிறது, தயங்கித் தயங்கி வந்தது.

"அண்ணே, எனக்கும் ரெண்டு வருஷமா இடது கால் மரத்துப் போகுது. யாருகிட்டயும் சொல்லல."

"எனக்கு வலது காலு," என்றான் இன்னொருவன். "நின்னா வலி, உக்காந்தா வலி. வீட்டுல செருப்புக் கடின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சேனலைக் காலி பண்ணுங்கடா," என்றாள் புபுசைரா, ஓடும் வண்டிக்குள்ளிருந்து. "நாளைக்கு வரிசையா போஸ்டுக்கு வாங்க, ஒவ்வொருத்தனையும் ஆஸ்பத்திரிக்கு விரட்டறேன். இப்ப என் சம்பந்தி பேசணும். சம்பந்தி, பேசிக்கிட்டே இருங்க."

என்ன பேசுவது? கடைசி டிஸ்க்கைப் பற்றிப் பேசினேன். மெத்தை சப்பையானால் பாரம் பின் மூட்டுக்குப் போவதை, எலும்பு முன்னும் பின்னும் வழுக்குவதை, நார் மடிந்து வழியை அடைப்பதை. டாக்டர் சொன்ன அத்தனையும் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு நினைவிருந்தது. ஆறு மாதமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது எல்லாம் கொட்டியது. அவளும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே மலை ஏறினாள்.

கதவைத் திறந்தவள் அவள்தான். கம்பளிச் சால்வை, கண்ணிமையில் பனி. என்னை மேலும் கீழும் பார்த்தாள். லாரிப் படுக்கைப் பலகையைக் கழற்றச் சொல்லி, அதன்மேல் கொண்டுவந்த கம்பளத்தை விரித்தாள்.

"நிமிர்த்தாத ஒமுர்! இருக்கிற வளைவுலயே இறக்கு. முறுக்கிடாத. நான் இடுப்பைப் பிடிச்சுக்கறேன்."

"நீங்க போய்..." என்றேன்.

"வாயை மூடுங்க. என் புருஷனை நாலு வருஷம் படுக்கையில வச்சுக் கழுவினவ நான். டியூபும் பையும் எனக்குத் தெரியாததா? காலையிலயே இதைச் சொல்றதுக்கு என்ன?"

"சம்பந்திகிட்ட எப்படிச் சொல்றது?"

"வேற யாருகிட்டச் சொல்லுவீங்க? உங்க பொண்ணை எங்க வீட்டுக்குத்தானே குடுத்திருக்கீங்க?" என்றாள். அவளுடைய கை என் இடுப்புக்கு அடியில் இருந்தது. கை இருப்பது தெரிந்தது, அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் சினாரா வாசலிலேயே நின்றிருந்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று ஆரம்பித்தவர், ஊசியால் என் தொடையைக் குத்திப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஐந்து மணிக்குள் என்னை ஆப்பரேஷன் மேஜையில் குப்புறப் போட்டுவிட்டார்கள். வழியை அடைத்துக்கொண்டிருந்த டிஸ்க் துண்டு பெருவிரல் அளவு இருந்ததாம்.

டியூபோடு ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் டாக்டர் டியூபை எடுத்தார்.

"இடது பாதம் முழுசா வராது. லாரியை மறந்துடுங்க," என்றார். "மத்தது இன்னைக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள்ள தானா வரணும். ஒன்பதரைக்கு நசுங்கி நாலு மணிக்குத்தான் இங்க வந்து சேர்ந்தீங்க பாருங்க, அது நரம்பு தாங்கற நேரமா, தாங்காத நேரமான்னு எனக்கே தெரியல."

லாரியை மறக்கச் சொன்னார். அதைக் கேட்டு நான் அழுவேன் என்று ஒரு வாரத்துக்கு முன்னால் நினைத்திருப்பேன். அன்றைக்கு அது காதிலேயே விழவில்லை.

தேநீர் குடித்தேன். தண்ணீர் குடித்தேன். சைகல் அழுதுகொண்டே சூப் ஊற்றினாள். மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். இடது பாதம் தரையில் சப் சப்பென்று அடித்தது. அரை மணி நேரம் நின்றேன். வரவில்லை. இரண்டு மணிக்குப் போனேன். வரவில்லை. வெளியே வராந்தாவில் புபுசைரா வந்து உட்கார்ந்திருந்தாள். அன்று காலையிலேயே ஒமுரைப் போஸ்டில் மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாள். கேட்டைத் திறந்ததற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை விசிறியாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

நான்கு மணிக்கு மூன்றாம் தடவை போனேன். குழாயைத் திறந்துவிட்டேன். நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றேன். வாசலில் அவள் செருப்பு தேயும் சத்தம் கேட்டது.

"வந்துச்சா சம்பந்தி?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள். வராந்தா முழுக்கக் கேட்கும் குரல். எனக்குக் கூசவில்லை.

"இன்னும் இல்ல."

"அவசரம் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் அடிவயிற்றில் ஓர் எரிச்சல். எரிச்சல்! ஆறு நாளாக ஒன்றுமே தெரியாத இடத்தில் எனக்கு எரிந்தது. அப்புறம் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. பிறகு நின்று நின்று, பழைய பம்பு மாதிரி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"சம்பந்தியம்மா," என்றேன்.

குழாயை மூடினேன், அவளுக்கே கேட்கட்டும் என்று. பிறகு அவள் மூக்கை உறிஞ்சுவதும், போனில் எண்ணை அழுத்துவதும் கேட்டது.

"ஒமுர், போனை மைக்குக்குக் கிட்டப் பிடி," என்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கேட்டுக் குரலில் சொன்னாள்: "எல்லா வண்டியும் கவனிங்க. பெல் திறந்தாச்சு."

எந்தப் பெல் என்று ஒருவனும் கேட்கவில்லை. அவள் போன் ஸ்பீக்கரில் ஹார்ன் ஒன்று அடித்தது, அடுத்து இன்னொன்று, பிறகு மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ண முடியாத அளவுக்கு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, இடுப்பு குலுங்கக் குலுங்க, வாய்விட்டு அழுதேன்.